அம்மாட கவுன்சில் வீட்டுக்கு பொசெஷன் ஓடர் வந்திட்டுது, 21 நாளுக்குள்ள அப்பீல் போடவேணுமா?

கோண்டாவில்_பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும், லண்டன் பக்கம் ஆருக்காவது இந்த விசயத்தில அனுபவம் இருந்தா தயவுசெய்து சொல்லுங்கோ.

அம்மா கவுன்சில் பிளட்டில இருக்கிறா, நானும் அவவோடதான் இருக்கிறன். அப்பா தவறினாப் பிறகு அம்மாட பேரிலதான் டெனன்சி. முந்தி ஒரு சதம் வாடகைப் பாக்கி இருந்ததில்லை. எனக்கு 21 வயசு வந்தாப் பிறகு அரசாங்க உதவிக் காசான யூனிவர்சல் கிரெடிட்டில வீட்டு வாடகைக்குக் குடுக்கிற காசில மாதம் மாதம் 90 பவுண்ஸுக்கு மேல வெட்டத் தொடங்கிச்சினம், வீட்டில வளந்த பிள்ளை இருக்கெண்டு. நான் வேர்ஹவுஸில சீரோ அவர்ஸ் கொன்ட்ராக்ட், ஒரு மாதம் வேலை இருக்கும் ஒரு மாதம் இருக்காது. அப்பிடியே கூடிக் கூடி இப்ப 2,900 பவுண்ஸ் அரியர்ஸ்.

கவுன்சில் கோர்ட்டுக்குப் போட்டுது. ஹியரிங் வந்த கிழமை அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில ஒபரேஷன், நானும் அங்கதான் நிண்டனான், ஒருத்தரும் கோர்ட்டுக்குப் போகேல்ல. வீட்ட வந்து பாத்தா ஓடர் வந்து கிடக்கு, 28 நாளில வீட்டை ஒப்படைக்க வேணுமாம், அரியர்ஸோட கோர்ட் செலவும் கட்டவேணுமாம். இப்ப கிட்டத்தட்ட ரெண்டு கிழமை போயிட்டுது.

கூட வேலை செய்யிற ஒராள் சொன்னவர் 21 நாளுக்குள்ள அப்பீல் போடு, இல்லாட்டி முடிஞ்சுதெண்டு. என் 161 எண்ட ஃபோர்மை டவுன்லோட் பண்ணிப் பாத்தன், தலை சுத்துது. ஜட்ஜ் என்ன பிழை விட்டவர் எண்டு எழுதச் சொல்லிக் கேக்குது. எனக்கெப்பிடித் தெரியும், நாங்கள் அங்க இருக்கவே இல்லையே. அம்மா வோக்கரில நடக்கிறா, ராவில நித்திரை இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறா. என்ன எழுதிறது, எந்தக் கோர்ட்டுக்கு அனுப்பிறது?

ஹரோ_அக்கா:

தம்பி, முதல்ல அம்மாட்டச் சொல்லுங்கோ, அந்த 28 நாள் முடியிற அண்டைக்கு ஒருத்தரும் வந்து கதவை உடைக்க மாட்டினம். அந்தத் தேதி போனாப் பிறகு கவுன்சில் திரும்பக் கோர்ட்டில வாரண்ட்டுக்கு, அதாவது வீட்டை எடுக்கிற கட்டளைக்கு, விண்ணப்பிக்க வேணும், பேந்து பெயிலிஃப், அதாவது வீட்டை எடுக்க வாற கோர்ட் ஆள், குறைஞ்சது 14 நாள் முன்னுக்கு எந்தத் தேதி எத்தினை மணிக்கு வருவினம் எண்டு நோட்டீஸ் தரவேணும். ஆகவே நேரம் இருக்கு. ஆனா வீணாக்கிற அளவுக்கு இல்லை, நாளைக்கே தொடங்குங்கோ.

நான் சொலிசிட்டர் இல்லை, ஒரு அட்வைஸ் சென்டரில கனகாலமா இந்த வாடகைக் கேஸுகள் பாக்கிறன். நான் பாத்த அளவில வீடு இழக்கிற சனம் சட்டத்தில தோத்து இழக்கிறதை விட பிழையான ஃபோர்மைப் போட்டு நேரம் போய் இழக்கிறதுதான் கூட. உங்களுக்கு இப்ப தேவையானது என் 161 இல்லை. என் 244, கோர்ட்டிட்ட ஒண்டைக் கேட்டுப் போடுற விண்ணப்ப ஃபோர்ம்.

அப்பீல் எண்டா என்னவெண்டு பாருங்கோ. ஜட்ஜுக்கு முன்னால அண்டைக்கு இருந்த விசயத்தை வச்சு அவர் சட்டத்தைப் பிழையாப் பிடிச்சிட்டார், அல்லது நடத்தின முறையில பெரிய அநியாயம் நடந்திட்டுது, இதைத்தான் அப்பீலில காட்டவேணும். உங்கட கேஸில அவருக்கு முன்னால கவுன்சிலின்ர பேப்பர் மட்டும்தான் இருந்தது, வாடகை பாக்கி, டெனன்ட் வரேல்ல, ஒரு கடிதமும் இல்லை. அந்த லிஸ்டில ஒரு கேஸுக்கு 5 நிமிசம் 10 நிமிசம்தான். அவர் பிழை விட்டார் எண்டு என்னத்தைச் சொல்லுவியள்? அதாலதான் அந்தப் பெட்டிக்குள்ள எழுத உங்களுக்கு ஒண்டும் வரேல்ல.

ஹியரிங்குக்குப் போக ஏலாமல் போனவைக்கு வேற வழி இருக்கு. ஓடரை செட் அசைட் பண்ணச் சொல்லி, அதாவது ரத்துச் செய்து திரும்ப விசாரிக்கச் சொல்லி, அதே கோர்ட்டிலேயே கேக்கிறது. ஜட்ஜ் மூண்டு விசயம் பாப்பார். தெரிஞ்ச உடன கெதியா வந்தியளா, வராததுக்கு நல்ல காரணம் இருக்கா, திரும்ப விசாரிச்சா வேற முடிவு வாறதுக்கு உண்மையில இடம் இருக்கா. உங்களுக்கு ரெண்டாவது கைமேல இருக்கு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கடிதம். முதலாவது உங்கட கையில, அதாலதான் நாளைக்கே எண்டிறன். மூண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும், கீழ கேள்வி கேட்டிருக்கிறன்.

அதே ஃபோர்மிலேயே ரெண்டாவதா இன்னொண்டும் கேளுங்கோ. கவுன்சிலின்ர செக்கியூர் டெனன்ட், அதாவது நிரந்தர உரிமையுள்ள வாடகைக்காரர், எண்டா 1985 ஹவுசிங் அக்ட், 85ம் பிரிவு. வாடகைப் பாக்கிக்காக வந்த ஓடரை பெயிலிஃப் வந்து வீட்டை எடுக்கிற நிமிசம் வரைக்கும் நிப்பாட்டி வைக்கவோ தள்ளிப் போடவோ தவணைக் காசு கட்டச் சொல்லி சஸ்பெண்ட் பண்ணவோ ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கு. செட் அசைட் கிடைக்காட்டிலும் இது கிடைக்கலாம். 2011 இல ஹாக்னி கவுன்சில் கேஸ் ஒண்டில அப்பீல் கோர்ட்டும் இதைத்தான் காட்டினது, செட் அசைட்டுக்கு அந்த மூண்டு கேள்வியும் பொதுவா இறுக்கமாத்தான் இருக்கும், ஆனா சோஷல் டெனன்டுக்கு 85ம் பிரிவு எண்டு அகலமான வழி ஒண்டு பக்கத்தில இருக்கு, அதில கவுன்சில் கோர்ட்டுக்கு வரமுந்திச் செய்யவேண்டியதுகளைச் செய்ததா எண்டதையும் பாக்கலாம் எண்டு. ரெண்டையும் சேத்துக் கேளுங்கோ: செட் அசைட் பண்ணுங்கோ, அது ஏலாட்டி சஸ்பெண்ட் பண்ணுங்கோ.

இப்ப கேள்வி. அம்மாவுக்கு பிப், அதாவது வருத்தக்காரருக்கு அரசாங்கம் தாற காசு, வருதா? வந்தா அதில டெய்லி லிவிங், அதாவது அன்றாட வேலைக்கு உதவி தேவையெண்டு குடுக்கிற பகுதி, இருக்கா? மறக்காமல் பதில் போடுங்கோ, இது முக்கியம்.

சிவா_அங்கிள்:

மகன், இவ்வளவு மினக்கெட வேண்டாம். திறப்பைக் குடுத்திட்டு கவுன்சில் ஹோம்லெஸ் ஒஃபிசில போய் இருங்கோ, அம்மா வருத்தக்காரி எண்டபடியா அவை வேற வீடு தந்தே ஆகவேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் அப்பிடித்தான் செய்தது.

ஹரோ_அக்கா:

சிவா அண்ணை கோவிக்காதேங்கோ, ஆனா இதைப் பாத்து ஆரும் செய்து போடக் கூடாது, அதால கொஞ்சம் கடுமையாவே சொல்லிறன். திறப்பைக் குடுக்கவே குடுக்காதேங்கோ தம்பி. இருக்கக்கூடிய வீட்டைத் தானா விட்டிட்டு வந்தா இன்டென்ஷனலி ஹோம்லெஸ், வேணுமெண்டு வீடிழந்தவை எண்டு கவுன்சில் முடிவெடுக்க இடம் குடுக்கிறியள். அப்பிடி முடிவெடுத்தா 21 நாளுக்குள்ள ரிவியூ கேக்கவேணும், அதிலயும் தோத்தா திரும்ப 21 நாளுக்குள்ள கவுண்டி கோர்ட்டில அப்பீல், அதுவும் சட்டப் பிழைக்கு மட்டும். ஒரு வருத்தக்கார மனுசியை டெம்பரரி அக்கொமொடேஷனில ஒரு அறைக்குள்ள வச்சுக்கொண்டு அந்தச் சண்டை பிடிக்கேலாது. செக்கியூர் டெனன்சி எண்டது இப்ப லண்டனில திரும்பக் கிடைக்காத சாமான்.

ஹோம்லெஸ் ஒஃபிசுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லேல்ல. 56 நாளுக்குள்ள வீடிழக்கிற நிலை எண்டா அதைத் தடுக்க உதவவேண்டிய கடமை கவுன்சிலுக்கு இருக்கு. போய்ப் பதியுங்கோ, ஆனா வீட்டில இருந்துகொண்டே.

கோண்டாவில்_பெடியன்:

அக்கா கோடி நன்றி. பிப் வருது, டெய்லி லிவிங் இருக்கு, முட்டு வருத்தத்துக்கு முந்தியே குடுத்தவை. ஏன் கேக்கிறியள்?

பாலா_ரெடிங்:

ஹலோ, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ரெடிங்ல இருக்கேன், பிரைவேட் லேண்ட்லார்ட். வேலை போய் ரெண்டரை மாச வாடகை நின்னுபோச்சு, கோர்ட்ல கிரவுண்ட் 8னு சொல்லி பொசெஷன் ஆர்டர் குடுத்துட்டாங்க, நான் நேர்ல போயிருந்தேன். புது வேலை கிடைச்சிருச்சு, கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன்னு கெஞ்சினேன். ஜட்ஜ் "உங்க கஷ்டம் புரியுது, ஆனா எனக்கு வேற வழியில்ல"ன்னு சொல்லிட்டாரு. இது நோட்டீஸ், கேஸ் எல்லாம் பழைய ரூல்ல போட்டது. அக்கா சொன்ன அந்த சஸ்பெண்ட் எனக்கும் கேக்கலாமா? இல்ல அப்பீல்தானா? இன்னொரு விஷயம், பாத்ரூம் சீலிங் ஒழுகி ஒழுகி பையன் ரூம் வரைக்கும் பூஞ்சை, ஒரு வருஷமா ஏஜென்ட்டுக்கு மெயில் அனுப்பிட்டே இருக்கேன். அதையும் ஜட்ஜ்கிட்ட சொன்னேன், அது தனி கேஸா போடுங்கன்னுட்டாரு.

சட்டக்கிளார்க்:

பாலா, உங்கட விசயமும் மேல தம்பின்ர விசயமும் வெளியில ஒண்டு மாதிரித் தெரிஞ்சாலும் வேற வேற. நான் ஹவுசிங் வேலை செய்யிற ஒரு ஃபேர்மில இருக்கிறன், பொதுவான தகவல்தான் சொல்லலாம், ஆனா உங்கட கடைசி வசனத்தைப் பாத்திட்டுச் சும்மா போக மனமில்லை.

கிரவுண்ட் 8 எண்டது 1988 ஹவுசிங் அக்ட்டில இருக்கிற கட்டாயக் காரணம். பழைய ரூலில நோட்டீஸ் குடுக்கிற அண்டைக்கும் ஹியரிங் அண்டைக்கும் ரெண்டு மாத வாடகை பாக்கி இருந்தா ஜட்ஜ் ஓடர் குடுத்தே ஆகவேணும், நியாயமா இல்லையா எண்டு பாக்க அவருக்கு உரிமை இல்லை. ஹியரிங் அண்டைக்கு பாக்கி அந்த அளவுக்கு ஒரு பவுண் குறைஞ்சிருந்தாலும் கிரவுண்ட் 8 நிக்காது, அதாலதான் கடன்பட்டாவது அந்தக் காலையில கட்டச் சொல்லி நாங்கள் ஆக்களுக்குச் சொல்லுறது. பெனிஃபிட் காசு வரப் பிந்துது எண்டு சொல்லித் தள்ளிப்போடவும் பெரும்பாலும் ஏலாது, அதை 2004 இலயே அப்பீல் கோர்ட் முடிவாச் சொல்லிட்டுது. ஓடர் வந்தாப் பிறகும் 14 நாள், மிஞ்சிப்போனா பெரிய கஷ்டம் எண்டு காட்டி 6 கிழமை, அவ்வளவுதான் தள்ளலாம். தம்பிக்கு இருக்கிற 85ம் பிரிவு மாதிரி ஒரு கதவு உங்களுக்கு இல்லை. கிரவுண்ட் 10, 11 இல, அதாவது ஜட்ஜ் நியாயம் பாத்து முடிவெடுக்கிற காரணங்களில, மட்டும் ஓடர் வந்திருந்தா கேக்கலாம், ஓடரை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.

(2026 மே 1 இல இருந்து பிரைவேட் வாடகைக்கு இது மாறிட்டுது, ரெண்டு மாதம் மூண்டு மாதமாச்சு, ரெண்டு கிழமை நோட்டீஸ் நாலு கிழமையாச்சு, யூனிவர்சல் கிரெடிட் வீட்டுக்காசு இன்னும் கைக்கு வராததால நிக்கிற பாக்கியைக் கணக்கில சேக்கவும் கூடாது. பழைய நோட்டீஸில போன கேஸுக்கு அது உதவாது.)

ஆனா அந்த ஒழுக்கு. அதில உங்களுக்கு உண்மையான அப்பீல் கிரவுண்ட் இருக்கலாம். வீட்டின்ர கட்டமைப்பு, தண்ணிக் குழாய் எல்லாம் திருத்தி வச்சிருக்கிறது 1985 லேண்ட்லோட் அண்ட் டெனன்ட் அக்ட் 11ம் பிரிவில வீட்டுக்காரன்ர பொறுப்பு. செய்யாட்டி உங்களுக்கு நட்டஈடு, அதை வாடகைப் பாக்கியில கழிக்கலாம். கழிச்சா பாக்கி ரெண்டு மாதத்துக்குக் கீழ வருமெண்டா கிரவுண்ட் 8 விழுந்திடும். சிவில் கோர்ட் ரூல்ஸ் 55.8 என்ன சொல்லுதெண்டா, கேஸை உண்மையா மறுக்கினம், அந்த மறுப்பில சாரமிருக்கு எண்டா அந்த 5 நிமிச லிஸ்டில முடிக்காமல் எவிடன்ஸ் குடுக்க நேரம் குடுத்து பேந்து விசாரிக்கவேணும். நீங்கள் வாயால சொன்னதை ஜட்ஜ் தனிக் கேஸ் எண்டு தள்ளினது சட்டப் பிழையா இல்லையா எண்டு ஒரு சொலிசிட்டர் பாக்கத்தான் வேணும். உங்கட டிப்போசிட்டை அதைப் பாதுகாக்கிற ஸ்கீமில போட்டவையா எண்டும் பாருங்கோ, போடாட்டி அதில ஒண்டில இருந்து மூண்டு மடங்கு கேக்கலாம், அதையும் கழிக்கலாம்.

அப்பீல் நடக்கிற விதம் இதுதான். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் குடுத்த ஓடர் எண்டா அதே கவுண்டி கோர்ட்டில அவருக்கு மேல இருக்கிற சர்க்கிட் ஜட்ஜிட்டப் போகும். சர்க்கிட் ஜட்ஜே முதல் தரம் குடுத்ததெண்டா ஹை கோர்ட். ஃபோர்ம் என் 161, நெட்டில சில பேர் என் 164 எண்டு போடுகினம், அது ஸ்மோல் கிளெய்ம் எண்ட சின்னத் தொகைக் கேஸுக்கு. 21 நாள் எண்டது ஜட்ஜ் முடிவு சொன்ன நாளில இருந்து, கடிதம் உங்கட கைக்கு வந்த நாளில இருந்து இல்லை, இதில கனபேர் மாட்டுப்படுகினம். வீட்டுக்காரன் "பரவாயில்லை, பிந்திப் போடுங்கோ" எண்டாலும் செல்லாது, கோர்ட்தான் நீட்டவேணும், பிந்தினா அதே ஃபோர்மில காரணத்தோட கேக்கவேணும். பேமிஷன் இல்லாமல் அப்பீல் போகேலாது. ஹியரிங்கிலேயே ஜட்ஜிட்டக் கேட்டிருக்கலாம், கேக்காட்டி என் 161 இல கேளுங்கோ. வெல்லக்கூடிய உண்மையான சான்ஸ் இருக்கா எண்டுதான் பாப்பினம். பேப்பரில மறுத்தா 7 நாளுக்குள்ள நேர ஹியரிங் கேக்கலாம், அடியோட சாரமில்லாதது எண்டு எழுதிப்போட்டா மட்டும் அதுவும் இல்லை. சர்க்கிட் ஜட்ஜிட்டயும் தோத்தா பேந்து கோர்ட் ஒஃப் அப்பீல் ஒண்டுதான், அங்க ஒரு முக்கியமான சட்டக் கேள்வி அல்லது வேற வலுவான காரணம் இருந்தாத்தான் எடுப்பினம், சாதாரண வாடகைக் கேஸ் அங்க போறது அருமை.

இதை எல்லாரும் மனசில எழுதி வையுங்கோ: அப்பீல் போட்டா பெயிலிஃப் தானா நிக்க மாட்டார். ஸ்டே எண்டு, அதாவது அப்பீல் முடியும்வரை ஓடரை நிப்பாட்டி வைக்கச் சொல்லி, தனியாக் கேக்கவேணும், என் 161 இலேயே அதுக்கு இடம் இருக்கு. ஸ்டே கேக்காமல் அப்பீல் போட்டிட்டு நிம்மதியா இருந்த ஒரு குடும்பத்தின்ர சாமான் எல்லாம் ரோட்டில கிடந்ததைப் பாத்திருக்கிறன், அப்பீல் அப்பவும் கோர்ட்டில உயிரோடதான் இருந்தது.

ஹியரிங் ரெக்கோர்டிங்குக்கு டிரான்ஸ்கிரிப்ட் எடுக்கவேணும், இ எக்ஸ் 107 ஃபோர்ம். காசில்லாட்டி அரசாங்கச் செலவில கேக்க இ எக்ஸ் 105. அது வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிராதேங்கோ, பேந்து தாறன் எண்டு எழுதி 21 நாளுக்குள்ள போடுங்கோ. கோர்ட் பீஸ் கட்ட வசதியில்லாட்டி இ எக்ஸ் 160. தோத்தா மற்றப் பக்கத்தின்ர செலவும் உங்களில விழலாம், அதையும் யோசியுங்கோ. வீடு போற நிலையில லீகல் எய்ட் இருக்கு, வருமானம் பாத்துக் குடுப்பினம்.

தம்பிக்கு ஒண்டு. அக்கா சொன்னது சரி, ஹியரிங்குக்கு வராதவை முதல்ல செட் அசைட்தான் கேக்கவேணும் எண்டு 2011 இல அப்பீல் கோர்ட்டும் சொல்லியிருக்கு. என் 244 ஐ ஜட்ஜ் மறுத்தா அந்த மறுப்புக்கு எதிரா அப்பீல் இருக்கு, அதுக்கு அண்டையில இருந்து புதுசா 21 நாள். முதல் ஓடரிலேயே சட்டப் பிழை ஏதும் இருக்கெண்டு சொலிசிட்டர் கண்டா மட்டும் இப்ப ஓடுற 21 நாளுக்குள்ள அதையும் சேத்துப் போடச் சொல்லுவினம். அதால இந்தக் கிழமைக்குள்ள ஒருத்தரைப் பாருங்கோ.

ஹரோ_அக்கா:

தம்பி, பிப் ஏன் கேட்டனான் எண்டா, அம்மாவுக்கு டெய்லி லிவிங் வருதெண்டா வீட்டில வளந்த பிள்ளை இருக்கெண்டு அந்தக் காசை வெட்டவே கூடாது! அது ரூல். பிப் தொடங்கின நாளில இருந்து வெட்டினது பிழையெண்டா உங்கட அரியர்ஸில பெரிய பங்கு அரசாங்கம் அம்மாவுக்குத் தரவேண்டிய காசு. செட் அசைட்டுக்குச் சொன்ன அந்த மூண்டாவது கேள்விக்குப் பதிலும் இதுதான்: இதை அண்டைக்கு ஜட்ஜ் அறிஞ்சிருந்தா 28 நாளில வெளியால போ எண்டு சொல்லியிருக்க மாட்டார்.

இதுக்கு வேற ஒரு அப்பீல் ரோட். யூனிவர்சல் கிரெடிட் ஒன்லைன் ஜேர்னலில மெண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவைத் திரும்பப் பாருங்கோ, எண்டு எழுதிக் கேளுங்கோ, எந்த மாதத்தில இருந்து, பிப் கடிதத்தின்ர தேதி என்ன எண்டு போட்டு. முடிவு வந்து ஒரு மாதத்துக்குள்ள கேக்கவேணும், நல்ல காரணம் இருந்தா 13 மாதம் வரைக்கும் பிந்திக் கேக்கலாம், அவையின்ர ஒஃபிஸ் பிழையெண்டா அதுக்கும் முந்தினதைத் திருத்தச் சொல்லிக் கேக்கலாம். அவை மறுத்தா ட்ரிபியூனல் எண்ட தனி நடுவர் மன்றத்தில அப்பீல், அதுக்கு பீஸ் இல்லை. கவுண்டி கோர்ட்டில ஜட்ஜ் இதைத் தீர்க்க மாட்டார், ஆனா கேட்டிருக்கிறியள் எண்ட பிரிண்ட் அவருக்கு முன்னால இருக்கவேணும்.

அடுத்தது, சோஷல் லேண்ட்லோட் கோர்ட்டுக்குப் போகமுந்திச் செய்யவேண்டியது எண்டு ஒரு புரொட்டோகோல் இருக்கு. டெனன்டோட கதைக்கவேணும், வருத்தக்காரரா எண்டு பாக்கவேணும், பெனிஃபிட்டுக்கு உதவவேணும், ஹியரிங்குக்கு 10 நாள் முன்னமே புது ரென்ட் ஸ்டேட்மென்ட் தரவேணும். அம்மா தமிழில மட்டும்தான் கதைப்பா எண்டு அவையின்ர ஃபைலில இருக்கெல்லோ? இங்கிலிஸ் டெக்ஸ்ட் மெசேஜ் மட்டும்தான் அனுப்பினவையெண்டா அதையும் ஸ்டேட்மென்டில எழுதுங்கோ.

ஆரைப் பாக்கிறதெண்டா, 2023 ஆகஸ்டில இருந்து ஹவுசிங் லொஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சேர்விஸ் எண்டு ஒண்டு இருக்கு. பொசெஷன் எண்டு எழுத்தில கடிதம் வந்த ஆருக்கும், சம்பளம் எவ்வளவெண்டு பாக்காமல், இலவசமா சட்ட ஆலோசனை. ஹியரிங் அண்டைக்கு கோர்ட்டிலயும் டியூட்டி வக்கீல் நிப்பார். அரை மணித்தியாலம் முந்திப் போய் அஷர் எண்ட கோர்ட் உதவியாளிட்டக் கேளுங்கோ. ஆனா அண்டை மட்டும் பாத்துக்கொண்டிராமல் இப்பவே தேடுங்கோ, அரசாங்க வெப்சைட்டில உங்கட பகுதிக்கு எந்த ஃபேர்ம் எண்டு இருக்கு.

அம்மாவுக்கு இன்டெர்பிரிட்டர் வேணுமெண்டு கோர்ட்டுக்கு முன்கூட்டியே எழுதுங்கோ. நீங்கள் பக்கத்தில இருந்து உதவலாம், மக்கென்சி ஃபிரெண்ட் எண்டு சொல்லுவினம், ஆனா ஜட்ஜ் விட்டாலொழிய நீங்கள் அவவுக்காகக் கதைக்கேலாது.

கிளாஸ்கோ_வாசி:

இங்க ஸ்கொட்லாண்டில இருக்கிற ஆரும் இதை வாசிச்சு குழம்பாதேங்கோ, எங்களுக்கு ரூல் வேற. பிரைவேட் வாடகை வீடெண்டா 2017 டிசம்பரில இருந்து கோர்ட் இல்லை, ஃபேர்ஸ்ட் டியர் ட்ரிபியூனல். சட்டப் பிழைக்கு மட்டும்தான் அப்பர் ட்ரிபியூனலுக்கு அப்பீல், பேமிஷன் கேக்க 30 நாள். கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகள் ஷெரிஃப் கோர்ட்டில.

பாலா_ரெடிங்:

சட்டக்கிளார்க் அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றி. 55.8 பத்தி யாருமே சொல்லல. ஏஜென்ட்டுக்கு அனுப்பின மெயில், போட்டோ எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்து வெச்சிருக்கேன். லீகல் எய்ட் ஃபர்ம் ஒண்ணுல அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு, 21 நாள் முடியறதுக்குள்ளதான். பையனுக்கு ஆஸ்துமா, ஜிபி லெட்டர் எடுத்துட்டுப் போகவா?

சட்டக்கிளார்க்:

கட்டாயம் எடுங்கோ. நட்டஈட்டுக் கணக்குக்கும் உதவும். ஸ்டே கேக்கிறதை அவையிட்ட நீங்களே ஞாபகப்படுத்துங்கோ.

கோண்டாவில்_பெடியன்:

திரும்ப வந்து என்ன நடந்ததெண்டு சொல்லாட்டி பாவம், அதால எழுதிறன். என் 244 போட்டது, ஆஸ்பத்திரிக் கடிதம், பிப் கடிதம், ஜேர்னல் பிரிண்ட், ரென்ட் ஸ்டேட்மென்ட் எல்லாம் வச்சு. பீஸுக்கு இ எக்ஸ் 160 போட்டு ஒண்டும் கட்டேல்ல. ஹியரிங் அண்டைக்கு டியூட்டி வக்கீல் ஒரு பிள்ளை வந்தா, எங்கட பேப்பரை நிண்ட நிலையிலேயே வாசிச்சு முடிச்சிட்டு பிப் கடிதத்தை மேல எடுத்து வச்சா, அதைத்தான் முதல் காட்டவேணும் எண்டு.

ஜட்ஜ் செட் அசைட் பண்ணேல்ல. பாக்கி இருக்கிறது உண்மை, திரும்ப விசாரிச்சாலும் ஏதோ ஒரு ஓடர் வரத்தான் செய்யும் எண்டவர். ஆனா 85ம் பிரிவில ஓடரை சஸ்பெண்ட் பண்ணிட்டார், வாடகையோட சேத்துக் கிழமைக்கு 10 பவுண்ஸ் கட்டவேணும், கட்டுற மட்டும் அம்மா அங்கயே இருக்கலாம். கவுன்சில் ஆள் எதிர்க்கேல்ல, பிப் விசயம் தங்களுக்குத் தெரியாதெண்டவர். அம்மாவுக்கு நான் வெளியில வந்துதான் விளங்கப்படுத்தினது, அந்த வராண்டாவிலேயே வக்கீல் பிள்ளையின்ர ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணில ஒத்திக்கொண்டா.

இப்ப கேள்வி, ரீகன்சிடரேஷன் இன்னும் முடியேல்ல. அந்தக் காசு வந்தா என்ன செய்யிறது? செட் அசைட் தராததுக்கு அப்பீல் போடவேணுமா?

ஹரோ_அக்கா:

தம்பி, வாசிச்சு எனக்கும் கண் கலங்கிட்டுது. அப்பீல் வேண்டாம், உங்களுக்கு வேண்டியது கிடைச்சிட்டுது. அந்தக் காசு வந்தா அப்பிடியே ரென்ட் அக்கவுண்டில போடுங்கோ, வேற எதுக்கும் தொடாதேங்கோ. அரியர்ஸும் கோர்ட் செலவும் முழுக்கத் தீந்தாப் பிறகு ஓடரையே எடுத்துவிடச் சொல்லித் திரும்ப ஒரு என் 244 போடலாம், அதுக்கும் அதே 85ம் பிரிவில இடம் இருக்கு. அதுவரைக்கும் அந்த 10 பவுண்ஸ் வாடகையோட சேந்து ஸ்டேண்டிங் ஓடரில தானாப் போகட்டும், உங்களுக்கு வேலை குறைஞ்ச கிழமையிலயும் நிக்காமல். ஒரு கிழமை ஏலாமல் போனா அண்டைக்கே ரென்ட் ஒஃபிசருக்கு ஈமெயில் போடுங்கோ, ஃபோனில சொன்னதுக்கு அத்தாட்சி இராது. வாரண்ட் எண்டு ஏதும் கடிதம் வந்தா ஒரு நாளும் வச்சிராமல் இங்க எழுதுங்கோ, பெயிலிஃப் வாற அண்டைக் காலமை வரைக்கும் நிப்பாட்டக் கேக்கலாம், வந்து போனாப் பிறகு கேக்கிறது மிச்சம் கஷ்டம்.